மற்றக் கையையும் காட்டுங்கோ

இன்று காலை அம்மா ஃப்ரீசரிலிருந்து முருங்கையிலைப் பையை எடுத்தார். பையின் வாயைக் கட்டியிருந்தது உங்களுடைய நீலப் பட்டி, சின்னம்மா. ஊசி ஏற்றுவதற்கு முன் நோயாளியின் கையில் இறுக்கி, இரத்த நாளம் எழும்புகிறதா என்று பார்ப்பீர்களே, அது. அம்மா அதை அவிழ்த்து ஒரு பிடி இலையை எடுத்தார். திரும்பவும் கட்டினார். நான் பள்ளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். இப்போது நூலகத்தில் இருக்கிறேன். டேனிஷ் கட்டுரை எழுத வேண்டும், முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் மேல்மாடியில் தனியாக இருந்தாலும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நீங்கள் திரும்பப் படிக்கத் தொடங்கிய அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வருவீர்கள். நின்றபடியே சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை விரிப்பீர்கள். தாதிகளுக்கான தொடர்கல்வி வகுப்பு அது. நாளத்துக்குள் குழாய் ஏற்றுவதும், அதன் வழியாக மருந்து கொடுப்பதும், குழாயைப் பழுதாகாமல் பார்ப்பதும்தான் பாடம். நான் கேள்வி கேட்பேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வீர்கள். சில நேரம் பதில் பாதியில் நின்றுவிடும். பார்த்தால் நித்திரை.

"இத்தனை வருசமாய் ஊசி போடுறியள், இன்னும் என்னத்தைப் படிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போடத் தெரியும் பிள்ளை. போட்ட பிறகு என்ன நடக்குதெண்டு பாக்கிறதுக்குத்தான் இந்தப் படிப்பு."

விரலுக்கு அகப்படாத நாளத்தை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்து ஊசி விடவும் பழக்கினார்கள். வீட்டில் பழகச் சின்னக் கருவியொன்றை இரவல் தந்திருந்தார்கள். நீள பலூனில் தண்ணீரை நிரப்பிக் கோழி இறைச்சிக்குள் வைத்தால் அது நாளம் மாதிரி இருக்குமாம். நீங்கள் கோழியோடு எங்கள் சமையலறைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கோழியைக் கொண்டந்து நடுக்குசினியிலை வைச்சிருக்கிறாய்!" என்று அம்மா சத்தம் போட்டார். "அதுதான் செத்துப் போச்சே. பிறகேன் அதுக்கு ஊசி?"

"அக்கா, இது படிப்பு."

"படிப்பெண்டால் நாளைக்குப் படி."

கடைசியில் கோழிக்குப் பதிலாக அம்மாவே கடற்பாசி ஜெல்லி காய்ச்சித் தந்தார். கைப்பழக்கத்தில் ஏலக்காயும் போட்டுவிட்டார். பலூனைப் புதைத்து அது இறுகிய பிறகு, நீங்கள் திரையைப் பார்த்து ஊசியைச் சரித்து விட்டீர்கள். "டென்மார்க்கிலேயே ஏலக்காய் மணக்கிற கை இதொண்டுதான்" என்றீர்கள். சிரித்தபோதும் உங்கள் முகத்தில் களைப்பு அப்படியே இருந்தது.

வகுப்பின் முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் வார்டில் நடந்த ஒரு பிழையைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் எடுத்தது நோயாளியாக வந்த ஒரு தமிழ் ஐயாவின் கதை. பெயரை எங்களுக்கும் சொல்லவில்லை. அவருடைய கையில் குழாய் நாளத்தை விட்டு விலகி, மருந்து தசைக்குள் போய்க்கொண்டிருந்தது. தாதி வரும்போதெல்லாம் நோகிறதா என்று கேட்டார். ஐயா ஒவ்வொரு முறையும் சிரித்து, "டே கோர் ஃபீன்ட்" என்றார். எல்லாம் நல்லபடி என்று அர்த்தம். கடைசியில் கை பாண் மாதிரி வீங்கியிருந்தது.

"எங்கடை ஆக்களிட்டை நோகுதோ எண்டு கேட்டுப் பிரயோசனமில்லை" என்று நீங்கள் எனக்கு முன்னால் பேசிப் பழகினீர்கள். "வெள்ளைச் சட்டையைக் கண்டால் இல்லை எண்டுதான் சொல்லுவினம். கேளாதை, தொட்டுப் பார். ரெண்டு கையையும் பக்கத்திலை வைச்சுப் பார்."

"எங்கடை மானத்தை வாங்கப் போறா" என்றார் அப்பா, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

"உங்களைப் பற்றித்தான் அத்தான். பல்லுக் கொதியோடை ஒரு கிழமை வேலைக்குப் போனனீங்களெல்லோ."

நீங்கள் வகுப்பில் தேறினீர்கள். அன்று சோபாவில் குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கினீர்கள். அதன் பிறகு நாளம் அகப்படாத நோயாளி என்றால் மற்ற வார்டுகளிலிருந்தும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். புதிதாக வரும் தாதிகளுக்கும் நீங்கள்தான் பழக்கினீர்கள்.

பிறகு உங்களுக்கே வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். பள்ளி முடிந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் கட்டிலருகே வீட்டுப்பாடம் செய்வேன். உங்கள் நாளங்கள் ஒவ்வொன்றாய்க் கெட்டுக்கொண்டு வந்தன. இடது கையில் ஒன்றுதான் மிச்சம். அதையும் இழந்தால் கழுத்துப் பக்கமாகக் குழாய் ஏற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். அதற்கு நீங்கள் பயந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று இளம் தாதி ஒருத்தி தனியாக எல்லா அறைகளுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே நோகிறதா என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"டே கோர் ஃபீன்ட்."

அவள் போய்விட்டாள். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினேன். உங்கள் இடது கைத் தோல் இழுத்துப் பிடித்தாற்போல மினுங்கியது. தொட்டேன், குளிர்ந்திருந்தது.

"சின்னம்மா, நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை. நீ படி."

"மற்றக் கையையும் காட்டுங்கோ."

நீங்கள் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். "பாவம் அந்தத் தாதிப் பிள்ளை, இன்னும் சாப்பிடேல்லை. மருந்துப் பையிலை கொஞ்சந்தான் கிடக்கு. முடியட்டும்."

நான் தாதியைக் கூப்பிடும் மணிக்குக் கையை நீட்டினேன். "அமத்தாதை" என்றீர்கள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. "அந்த ஐயாவின்ரை கதையை நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப அந்த ஐயா ஆர்?"

நீங்கள் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து இடது கையின் பக்கத்தில் வைத்தீர்கள். பிறகு, "சரி, அமத்து" என்றீர்கள்.

தாதி வந்து மருந்து ஏற்றும் பம்பை உடனே நிறுத்தினாள். கனநேரமாய் நோகிறது என்று நீங்கள் டேனிஷில் மெல்லச் சொன்னீர்கள். அவள் குழாயை எடுத்துவிட்டு, கையை உயர்த்தித் தலையணையில் வைத்தாள். அந்த நாளம் போய்விட்டது. கை தப்பியது. அவள் கோபிக்கவில்லை. இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் தோலே கெட்டிருக்கும் என்றாள். அது உங்களுக்குத் தெரியாததா?

அவள் போன பிறகு கேட்டேன். "ஏன் சொல்லேல்லை?"

"ஒண்டைச் சொல்லத் தொடங்கினால் மிச்சத்தையும் சொல்ல வேணுமே, பிள்ளை."

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தார். தூக்குச்சட்டியும் ஈரக் குடையுமாக, வேலை உடுப்போடு. வழக்கம்போல வாசலிலேயே, "இண்டைக்கு எப்பிடி, பரவாயில்லையோ?" என்று கேட்டார். நீங்கள் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தீர்கள். அது வரவில்லை.

"நோகுதக்கா" என்றீர்கள். "கை மட்டுமில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அம்மா குடையை எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் ஏறி உங்கள் பக்கத்தில் இருந்து, வீங்காத கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் இருவரும் கதைத்தீர்கள். அத்தனை காலமும் ஒருவருக்கொருவர் சொல்லாததையெல்லாம் கதைத்தீர்கள். நான் வெளியே தாழ்வாரத்தில் இருந்தேன். சாப்பாடு ஆறிப் போனது. அதற்குப் பிறகு கழுத்தில் குழாய் ஏற்றினார்கள். பயந்த அளவுக்கு இல்லை என்றீர்கள். அதிக நாள் அது தேவைப்படவில்லை.

நீங்கள் போய் எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவுக்கு வந்தவர்கள் அம்மாவிடம், "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டார்கள். "தாங்க ஏலாமல் கிடக்கு" என்றார் அம்மா. ஒரு மாமி குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

இன்று முதல் பாடத்தில் நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். ஆசிரியர் வந்து, எல்லாம் சரிதானே என்று கேட்டார். "டே" வரைக்கும் வாய் போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன். என் சின்னம்மா செத்துப்போனார், நான் களைத்துப்போயிருக்கிறேன் என்றேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார்.