ஜெனியின் ஆறு யூனிட்

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து மகளாகிப் போன ஸ்டெல்லா,

உன் பெண் ஜெனி பள்ளியில் ஆறு யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாகிறது. இரண்டே முக்காலுக்கு மறுபடி சர்க்கரை பார்த்து, டீச்சரின் ஃபோனிலிருந்து எனக்குச் சொல்வாள். அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

உன் கணவன் ராஜனுக்கு ஒரகடம் ஃபேக்டரியில் பகல் ஷிஃப்ட். ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். அதனால் நீ கர்த்தரிடம் போன பிறகு மதிய இன்சுலின் கணக்கு என்னிடம் வந்தது. உன் நோட்டில் மூன்றே வரிகள். சாப்பாட்டின் மாவுச்சத்தைப் பதினைந்தால் வகு. இருக்கும் சர்க்கரையில் நூற்றிருபதைக் கழித்து ஐம்பதால் வகு. இரண்டையும் கூட்டு. பத்து வயதுப் பெண் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவளை அழைத்துவரப் போனேன். விளையாடியதில் சர்க்கரை இறங்கி, பிள்ளைக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே நான்காவது வரியை நான் எழுதினேன்: ‘பாதுகாப்புக்காக ஒன்று கழி.’ முப்பது வருடம் உதிரிபாகம் சரிபார்த்தவன். சந்தேகம் வந்தால் ஒதுக்கி வைத்தே பழகியவன். மருந்து குறைந்தாலும் ஆபத்து என்று தெரியாதவனா நான்?

“அம்மா கழிக்கச் சொன்னதே இல்லியே தாத்தா.”

“நான் சொல்றத போடும்மா.”

மூன்று வாரமாக மாலையில் சர்க்கரை இருநூறைத் தாண்டியது. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள். இளைத்தாள். திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறாள் என்று ராஜன் திட்டினான். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஸ்டெல்லா.

நேற்று நான்தான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நோட்டைப் புரட்டி, நாலாவது வரியை யார் எழுதியது என்று கேட்டார்.

“தாத்தாவுக்கு ஊசின்னாலே பயம் டாக்டர். நான் போட்டுக்கினா அவரு கண்ண மூடிக்குவாரு” என்றாள் ஜெனி.

டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வரியை அடித்தார். விளையாடும் நாளுக்கு என்ன செய்வது என்று தனியாக எழுதிக் கொடுத்தார். “இத நீங்களா மாத்தக் கூடாதுங்க ஐயா. சந்தேகம்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க.”

இன்று மதியம் சர்க்கரை இருநூற்றிருபது, சாப்பாட்டில் மாவுச்சத்து அறுபது கிராம். “ஆறு வருது தாத்தா. போடவா?” என்று ஃபோனில் கேட்டாள். ஐந்து என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. “போட்டுக்கோ” என்றேன். நான் செய்தது சரிதானா? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் வந்துவிட்டது. நூற்று நாற்பத்தாறு. “கிளாஸ் இருக்கு, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டாள். ஆறு யூனிட்தான் சரி, ஸ்டெல்லா.

ஆறு மணிக்கு ராஜன் வருவான். அவன் முகம் கழுவி வந்ததும், ஜெனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “மிட்டாய் இல்லடா, நான்தான்” என்று சொல்லிவிடுவேன். முழுதாகச் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் மாமா,
ஜெனியின் தாத்தா