லாரி வரும் தேதி

ஏப்ரல் 14

குட்டியின் அம்மாவுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வருஷமும் சர்க்கரை பீட்ரூட்தான் போட்டிருக்கிறேன். கொத்துக் கொத்தாக முளைத்து, நாலு இலையும் விட்டாயிற்று. இனி கலைத்துவிட வேண்டும். நீ இருந்தவரை அது உன் வேலை. போன இரண்டு வருஷமும் பிடுங்க மனசு வராமல் நெருக்கமாக விட்டேன். கிழங்கு விரல் பருமன்தான் வந்தது. "என்னங்க, முள்ளங்கியா கொண்டாந்திருக்கீங்க?" என்று சர்க்கரை ஆலைக்காரர் சிரித்தார். எவ்வளவு இடைவெளி விடுவாய்? ஒரு வரி எழுது.

சமையல் பழகிவிட்டது. சாப்பிடத்தான் இன்னும் பழகவில்லை.

குட்டியின் அப்பா


ஏப்ரல் 27

குட்டியின் அப்பாவுக்கு,

ஒரு சாண். இரண்டு செடி ஒட்டி நின்றால் திடமானதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்குங்கள். யோசித்தால் கை வராது. மண் ஈரமாக இருக்கும்போதே செய்யுங்கள். இடுப்புப் பட்டை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, கட்டிக்கொள்ளுங்கள்.

முந்தைய கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்று கோபிக்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் வேறு ஏதோ எழுத வருகிறது. கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

குட்டியின் அம்மா


செப்டம்பர் 30

குட்டியின் அம்மாவுக்கு,

நீ சொன்ன ஒரு சாண் கச்சிதம். ஜூலையில் இலைகளில் சாம்பல் புள்ளி விழுந்தது. இரண்டு தடவை மருந்தடித்த பிறகு நின்றது. இப்போது எந்தக் கிழங்கும் ஒரு கிலோவுக்குக் குறையாது.

ஆலையிலிருந்து லாரித் தேதி வந்துவிட்டது. அக்டோபர் 19. பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். குட்டி போன தேதி. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். "நீங்க கேக்குற தேதியெல்லாம் குடுக்க முடியாதுங்க" என்றார்கள்.

மூன்று வருஷம் முன் அன்றைக்கும் லாரி நாள். நீ வரப்புக்கு வந்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றாய். "லாரி போகட்டும், டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை. ராத்திரியைத் தாண்டவில்லை.

என் முறையைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கிழங்கு மண்ணிலேயே கிடக்கட்டும், உறைபனி விழுந்தால் விழட்டும். 19-ஆம் தேதி உன்னிடம் வருகிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

குட்டியின் அப்பா


அக்டோபர் 21

குட்டியின் அப்பாவுக்கு,

நீங்கள் வந்தீர்கள். கதவைத் தட்டினீர்கள். பிறகு எதிர்க்கடை வாசலில் சாயங்காலம் வரை நின்றீர்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திறக்க முடியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று நான் வீடு திரும்பியதும் அடுத்த தெருவிலிருந்து நர்ஸம்மா வந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். "கழுத்து மடங்கலம்மா. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார். காலை மணி பத்து. நான் உங்களைக் கூப்பிடவில்லை. நம் வயலில் அப்படி ஒரு விளைச்சல் அதற்கு முன் வந்ததில்லை. லாரியை விட்டால் அடுத்த முறை எப்போதோ. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, நானும் குவியலுக்கு வந்து உங்களோடு கிழங்கு அள்ளினேன்.

சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். எனக்குத் தெரியும்.

இனி என்னைப் பார்க்க வருவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

குட்டியின் அம்மா


நவம்பர் 30

உனக்கு,

கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. முதலில் படித்தபோது, பாரத்தில் பாதி இறங்கிய மாதிரி இருந்தது. மறுநாள் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

"லாரிதான் உங்களுக்குப் பெருசாப் போச்சு!" என்று பிள்ளையைக் கிடத்தியிருந்த கூடத்தில் எல்லார் முன்னாலும் கத்தினாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று வருஷமாகத் தூக்கிப் பார்க்கவில்லை. அப்படிக் கத்தும்போதே நர்ஸம்மா சொன்னது உனக்குத் தெரிந்திருக்கிறதே.

காய்ச்சல் என்றதும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை தொட்டுப் பார்க்காதவன் நான்தான். அதையும் மறக்கவில்லை.

கிழங்கில் பாதி பனியில் அழுகிவிட்டது. மீதியை எடுத்து அனுப்பினேன்.

இப்போதைக்கு எனக்கு எழுதாதே. கோபம் தணிந்தால் நானே வருவேன். தணியாவிட்டால், வரவில்லை என்று தெரிந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.