அண்ணன் ஓடும் இடம்

மார்ச் 4
ராக்கும் ராப்பும் மிருதங்கமும் ஒரே பானையில் வேகுமா என்று ஊரே கேட்டது. வெந்துவிட்டது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அண்ணனின் மிருதங்கம்தான் பாக்கி. என் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணின் ராப்பும் முன்பே பதிவாகிவிட்டன. நாங்கள் எல்லோரும் காதில் தாளம் பிசகாமல் டிக் டிக்கென்று ஓடும் கிளிக்குக்கு அடங்கித்தான் வாசித்தோம். அண்ணன் ஹெட்போனையே கழற்றி என் மடியில் போட்டான். “எனக்கு உள்ளேயே ஒண்ணு ஓடுது. ரெண்டு தாங்காது.” முத்தாய்ப்பு நெருங்கும்போது வழக்கம்போலத் தாளத்தை முந்திக்கொண்டு ஓடினான். கேட்கச் சுகம்தான், ஆனால் ராப்போடு ஒட்டவில்லை. அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம் என்று கலைந்தோம்.

மார்ச் 9
அண்ணன் குளியலறையில் விழுந்துவிட்டான். பக்கவாதம்.

மார்ச் 10
வலது கை. இடது கையாக இருந்திருந்தால் — என்ன பேச்சு இது? மிருதங்கத்துக்கு ரெண்டு கையும்தானே வேணும். முட்டாள்.

மார்ச் 21
நடந்துவிடுவார், விரல்களுக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். அண்ணனுக்குப் பேச்சு குழறினாலும் புரிகிறது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை, “பாட்டுல நான் இருக்கேன்ல?” என்றுதான் கேட்டான். இருக்கண்ணா என்றேன்.

ஏப்ரல் 2
மிக்ஸிங் செய்பவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்ததே நான்தான். வேறு ஆளை வாசிக்க வைக்கலாம், இல்லையென்றால் அண்ணனின் அடிகளை வெட்டி கிளிக்கோடு சேர்க்கலாம் என்கிறான். வாயாடி அண்ணனின் வேகத்துக்கு ராப்பை மறுபடி பேசிப் பார்த்தாள். “ஓடுற பஸ்ஸுல ஏறுற மாதிரி இருக்குக்கா,” என்று அழுதாள்.

ஆளை மாத்துறதா? எங்க அண்ணன் என்ன ஃபியூஸ் போன பல்பா? கத்தினேன். பிறகு வெட்டவே சொல்லிவிட்டேன். அடியோடு இல்லாமல் போவதற்குப் பதில், வெட்டுப்பட்டாவது இருக்கட்டும்.

ஏப்ரல் 6
கத்திரி ஒவ்வோர் அடியாகத் திரையில் இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுபோல் கோட்டில் நிறுத்தினான். அண்ணன் ஓடிய இடத்தில் இப்போது மிருதங்கம் ஒழுங்காக நடந்து போகிறது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். எனக்கும் கால் ஆடியது. கர்மம்.

மே 3
ஆல்பம் வெளியானது. அட்டையில் முதல் பெயர் அண்ணனுடையது.

மே 5
வீட்டில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். இடது கை தொடையில் தாளம் போட்டது. முத்தாய்ப்பு வந்ததும் அந்தக் கை முந்திக்கொண்டு ஓடி, பாட்டு வரும்வரை காத்து நின்றது.

“நல்லா வாசிக்கிறாரு. யாரு?”

நீதாண்ணா என்றேன்.

“பொய் சொல்லாத. நான் அங்க ஓடுவேன்.” இடது கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். “மாத்தினது தப்பில்ல. அவருக்கே என் மிருதங்கத்தக் குடுத்துடு.”

மே 6
வெட்டாத வாசிப்பு என்னிடம் இருக்கிறது. போட்டுக் காட்டலாம். காட்டினால், உன்னுடையதில் நாங்கள் தூக்கி எறிந்தது இதைத்தான் என்று சொன்னதாகிவிடும். கத்திரி வெட்டியதைச் சொல்லிப் பார்த்தேன். என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் தலையாட்டினான். நம்பவில்லை.

மே 11
மிருதங்கத்துக்கு உறை போட்டு வாசலருகே வைக்கச் சொன்னான். வைத்தேன். அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம், அவர்தான் வந்துவிட்டாரா என்று தலையைத் திருப்பிப் பார்க்கிறான்.