பாக்கலாம் எம்.எல்.ஏ.வுக்கு மகள் எழுதுவது

என் அன்பு நைனா,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலும் நாலு பேர் உன்னைச் சுற்றி மனுவோடு நிற்பார்கள். நீயும் சிரித்த முகமாக வாங்கி ஜிப்பா பையில் வைத்துக்கொள்வாய். அவர்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு இதைக் கேள். செஞ்சிக் கடைத்தெருவே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று சிங்கவரத்திலிருந்து பஞ்சாயத்துக்காரர்கள் எங்கள் மளிகைக்கடைக்கு வந்தார்கள். ஓடைக்குப் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள், நைனா. ஆமாம், அதே ஓடைதான். கட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? உன்னைத் தோற்கடித்தவன். திறப்பு விழாவுக்கு முன்னால் கல்லில் உன் பெயரை வெட்டலாமா என்று உன் ஒரே மகளான என்னிடம் கேட்டார்கள். செத்துப்போனவர்கள் மேல் நம் ஜனங்களுக்கு அப்படி ஒரு இரக்கம்.

எதற்காக உன் பெயர்? இரண்டு முறை ஜெயித்தாய். முதல் தடவை மாலைக்குள்ளே உன் முகமே தெரியவில்லை. இரண்டாவது தடவை, அறுபதுகளின் தொடக்கத்தில், ஏதோ தலை தப்பியது. மூன்றாவது தடவை டெபாசிட்டே போனது. இத்தனை வருஷத்தில் சட்டசபையில் நீ எழுந்து பேசியதாக ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. செஞ்சியில் ஒருவன் கோட்டைக்குப் போகிறேன் என்றால் ஆடு மேய்க்கப் போகிறான் என்று அர்த்தம். நீ மெட்ராஸ் கோட்டைக்குப் போய் அதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட்டாய்?

காசு வாங்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். யாரையும் கடிந்து பேசியதும் இல்லை. அதுதான் வினை. வேலை கேட்டு வந்தவனுக்கும் ரோடு கேட்டு வந்தவனுக்கும் மேல்மலையனூர் அமாவாசைக்கு இன்னொரு பஸ் கேட்டு வந்தவனுக்கும் உன்னிடம் இருந்தது ஒரே பதில்: "பாக்கலாம்." முடியாது என்ற வார்த்தை உன் வாயில் வந்ததே கிடையாது. எதிரில் நிற்பவன் முகம் வாடினால் உனக்குத் தாங்காது என்று ஊர் சொல்லும். முகம் வாடக்கூடாது, குடும்பம் வாடினால் பரவாயில்லையா?

சிங்கவரத்துக்காரர்கள் உன்னிடம் கேட்டது அந்தப் பாலம் ஒன்றுதான். மழை வந்தால் ஓடையைத் தாண்டி டவுனுக்கு வர வழியில்லை. நீ இரண்டாம் முறை ஜெயித்த சமயத்தில், குறுக்கே போட்டு நடந்துகொள்ளலாம் என்று அவர்களே பனைமரம் வெட்டிக் கரையில் சேர்த்து வைத்தார்கள். நீ ஜீப்பில் போய் இறங்கினாய். இதெல்லாம் எதற்கு, கவர்ன்மெண்டே சிமெண்டுப் பாலம் கட்டும், பாக்கலாம் என்றாய். நம்பி விட்டுவிட்டார்கள். மரமெல்லாம் கரையிலேயே உளுத்துப்போனது. அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால், அந்த வாரமே அவர்கள் ஓடையைத் தாண்டியிருப்பார்கள்.

அடுத்த ஐப்பசியில் சிங்கவரத்து மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த அத்தையைப் பாம்பு கடித்தது. உன் கூடப் பிறந்த அக்கா. அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். பட்டப்பகலில் கட்டிலோடு தூக்கிவந்து ஓடைக்கரையில் இறக்கினார்கள். தண்ணீர் கழுத்தளவு ஓடியது. தாண்டினால் செஞ்சி ஆஸ்பத்திரி. தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்த இடத்திலேயே அவள் உயிர் போய்விட்டது. சாவுக்கு வந்து நீ தேம்பித் தேம்பி அழுதாய். அழுது முடித்ததும் ஒரு பெரியவர் பாலத்தைப் பற்றிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ என்ன பதில் சொன்னாய் என்று நான் எழுத வேண்டுமா?

அதற்குப் பிறகு ஊரும் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டது. மூன்றாவது தேர்தலில் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். ஜெயித்த மாதிரிதான் என்று சொன்னாய்.

"ஜனங்க இன்னா சொன்னாங்க நைனா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பாக்கலாம்னு சொன்னாங்கம்மா. ஒருத்தன்கூட முடியாதுன்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. தொகுதி முழுக்க அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். உனக்குத் தெரியவில்லை. உன்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது அந்த ஒரு வேளைதான்.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். பாவம், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்கள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். "பாக்கலாம்" என்று வாயில் வந்துவிட்டது. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே நைனா மாதிரி பேசுது பொண்ணு என்று ஒருவர் சிரித்தார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, நைனா. கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடி, தெருமுனையில் அவர்களைப் பிடித்தேன்.

"வேணாங்க. அவரு பேரு வைக்க வேணாம்."

முகம் வாடித்தான் போனது. ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. சரிம்மா என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். ஓடைப் பாலம் ஓடைப் பாலமாகவே இருக்கும். இவ்வளவு சுலபமான காரியத்தை உன்னால் ஏன் ஒரு தடவைகூடச் செய்ய முடியவில்லை?

அத்தை மேல் சத்தியமாகச் சொல்கிறேன். இனி என்னிடம் யார் எதைக் கேட்டாலும் உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உன் வார்த்தை என் வாயில் வராது. உனக்காக மட்டும் ஒரு தடவை மிச்சம் வைத்திருக்கிறேன். என்மேல் இருந்த கோவம் தீர்ந்துதாம்மா என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும்.

பாக்கலாம், நைனா.

உனக்குப் பிறந்து அத்தையிடம் வளர்ந்த மகள்,
அலமேலு