நான் எழுதாத வீடு

அன்புள்ள தேவயானிக்கு,

குழந்தைக்கு இருமல் நின்றதா? கம்பத்தில் உன் அண்ணன் வீட்டில் இருக்கிறாய் என்று சொன்னார்கள்.

நம் இரண்டு தெருவும் மோதிக்கொண்ட பிறகு, எரிந்த வீடுகளைப் பட்டியல் எடுக்கத் தொண்டு நிறுவனத்தார் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் பழக்கமுள்ளவள் என்று நம்பினார்கள். உன் வீடு எரிந்ததை நான் பார்த்தேன். "அவுக பேரை எழுதிட்டு இந்த வாசப்படி மிதிக்காத" என்றார் என் மாமனார்.

நான் எழுதவில்லை.

தார்ப்பாயும் அரிசியும் கொடுத்த அன்று குழந்தையோடு வரிசையில் நின்றாய். "உங்க பேரு இல்லையேம்மா" என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்துகொண்டேன்.

நேற்று அவர்களிடம் போய், "மறக்கல சார், வேணும்னேதான் விட்டேன்" என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து மாமனார் என்னோடு பேசவில்லை.

இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து இப்போது பொதுச் சமையல் நடத்துகிறார்கள். நான் அங்கே பாத்திரம் கழுவுகிறேன். உன் மாமியார்தான் சமைக்கிறார். எல்லாம் தெரிந்த பிறகும் இன்று, "சாப்பிட்டியா ஆத்தா?" என்று கேட்டு எனக்குத் தட்டில் சோறு போட்டார். தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ வந்து திட்டிவிட்டாவது போ.

உன் வகுப்புத் தோழி