ஐந்தரை மணி இங்கிலீஷ் வகுப்பு

கார்த்திகை 2, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடைக்கம்பி உடைந்துவிட்டது. கெலமங்கலம் சந்தைக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நிகழ்காலம். தினமும் செய்வதற்கு ஒரு மாதிரி, இந்த நிமிடம் செய்துகொண்டிருப்பதற்கு இன்னொரு மாதிரி. தமிழில் விளக்கினேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்காகத் தெலுங்கிலும் இரண்டு வார்த்தை. தலைமையாசிரியர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். (இனி த.ஆ. முழுதாக எழுதும் மரியாதை அவருக்குக் கிடையாது.) உள்ளே வந்து என்னை முன் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார். கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்தார்.

"இங்கிலீஷ் வகுப்புல இங்கிலீஷ்தான் கேக்கணும் டீச்சர். நீங்களும் சேர்ந்து கத்துக்குங்க."

மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்டு என்னையும் எழுப்பினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சிரிக்கும்படிதான் இருந்தது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவரை விடக் கூடாது.

கார்த்திகை 3, செவ்வாய்

குளிர். கம்பளி வாடை அடிக்கிறது, வெயிலில் போட வேண்டும், வெயில் எங்கே?

அடுத்த திங்கள் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். மாதிரிப் பாடம், ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ். நடத்தப்போவது த.ஆ. பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலை மட்டும் எனக்கு. அதாவது உழவு நான், அறுவடை அவர்.

'தினமும் காலையில் நீ என்ன செய்கிறாய்?' இதுதான் கேள்வி. பதிலும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் ஐந்து மணிக்கு எழுகிறேன். நான் பல் துலக்குகிறேன். நான் பால் குடிக்கிறேன். நான் பாடம் படிக்கிறேன். இந்த வகுப்பில் பால் குடிக்கிற பிள்ளை யார்? களி கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள்.

முடியாதென்று சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. "நாட்றாம்பாளையத்துல ஒரு எடம் காலியாக் கெடக்குது டீச்சர். காத்து நல்லாருக்குமாம்." மலை. காடு. பஸ் கிடையாது. வாயை மூடிக்கொண்டேன்.

கார்த்திகை 5, வியாழன்

நயா பைசா கணக்கு கடைக்காரருக்கு இன்னும் பிடிபடவில்லை. புளி வாங்க அரை மணி நேரம்.

திம்மராயன் இன்றும் வகுப்பில் தூங்கினான். சட்டையில் சாணி. எழுப்பிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த கதைதான், அவன் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஏழெட்டுப் பையன்கள் விடிவதற்கு முன்னால், ஐந்தரை மணிக்கே, த.ஆ. வீட்டுக்குப் போகிறார்கள். மாடு கழுவ, பால் கறக்க, சாணி அள்ள, தண்ணீர் சேந்த. அவர்கள் அப்பாக்களிடம் த.ஆ. சொல்லி வைத்திருப்பது: இங்கிலீஷ் ஸ்பெஷல் கிளாஸ். உண்மையைச் சொன்னால் எட்டாம் வகுப்புக்கு அனுப்ப மாட்டாராம். திம்மராயனின் அப்பா முனியப்பா, ராகிக் காட்டில் ஆள் இல்லாமல் தனியாகக் கிடந்து அல்லாடினாலும், பையன் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று அனுப்பி வைக்கிறார்.

சாயங்காலம் முழுவதும் அதே யோசனை. ராத்திரி ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. அப்போது தோன்றிவிட்டது.

கார்த்திகை 7, சனி

ஒத்திகை. த.ஆ. முன்னால் பிள்ளைகள் பல் துலக்கினார்கள், பால் குடித்தார்கள். அவருக்குத் திருப்தி. மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வேறு வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்தேன். அவரவர் காலை, அவரவர் வேலை, உள்ளது உள்ளபடி. பொய் சொன்னால் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுவார், அவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். என்ன ஆச்சரியம்! எழுதிக் கொடுத்தது நாலு நாளாக நாக்கில் நிற்கவில்லை. இது ஒரே மணி நேரத்தில் மனப்பாடம்.

பிள்ளைகளுக்காகச் செய்கிறேன் என்று இங்கே எழுதினால் பொய். எனக்காகத்தான். அந்த சிலேட்டுக்காக.

கார்த்திகை 9, திங்கள்

வெயில், ஒருவழியாக. நீலப் புடவை.

இன்ஸ்பெக்டர், தொந்தி, நல்ல சிரிப்பு. பெற்றோரையும் வரவழைத்துப் பின்னால் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். த.ஆ. கோட்டுப் போட்டிருந்தார். குரல் கணீரென்று இருக்கும் என்று திம்மராயனைத்தான் முதலில் எழுப்பினார். கேள்வி கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எவ்ரி மார்னிங் ஐ கோ டு தி ஹெட்மாஸ்டர்ஸ் ஹவுஸ். ஐ வாஷ் ஹிஸ் கௌ."

ஒரு பிழை இல்லை. த.ஆ. முகம் சுண்ணாம்பு. அடுத்தவனை எழுப்பினார், அவன் சாணி அள்ளினான். நான் புடவைத் தலைப்பால் சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் என்ன செய்தார்? விழுந்து விழுந்து சிரித்தார். குருபக்தியாம். வாக்கியம் சுத்தமாக இருக்கிறதாம். த.ஆ.வின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் இருவரும் போண்டா.

ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். வெளியே வந்தபோது முனியப்பா நின்றிருந்தார், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"எம்மவன் இங்கிலீசுல என்னா சொன்னான் டீச்சரம்மா? பெரியவரு அப்பிடிச் சிரிச்சாருங்களே."

பெருமை அவர் முகத்தில். சொல்லாமல் போயிருக்கலாம். நாட்றாம்பாளையம் நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று, தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கார்த்திகை 10, செவ்வாய்

கடும் பனி. எதிரில் ஆள் தெரியவில்லை.

தூக்கம் வராததால் வழக்கத்தைவிடச் சீக்கிரமே செம்பை எடுத்துக்கொண்டு த.ஆ. வீட்டுக்குப் பால் வாங்கக் கிளம்பினேன். வாசலில் கும்பல். முனியப்பாவும் மற்ற அப்பாக்களும், ஆளுக்கொரு கம்பளியோடு, மாட்டுக் கொட்டகை முன்னால் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பையன்கள் மடியில் புத்தகம். த.ஆ. பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.

"இங்கிலீசு சொல்லிக் குடுங்க சார்" என்றார் முனியப்பா. "நாங்க குந்திக் கேக்கறோம். தெனமும் வரோம்."

த.ஆ. சுற்றிலும் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றேன். மாடு கத்தியது, யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் அவர் ஒரு புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். பனியில் பல் தந்தியடித்தது.

பால் கறக்க ஆள் இல்லை என்று அவர் மனைவி கையை விரித்துவிட்டார்.

கறுப்புக் காப்பி. சர்க்கரை தூக்கலாக. இன்னொரு டம்ளர் போட்டுக்கொண்டேன்.