ஜெசிந்தாவின் கண்கள்

பயண நாள் 231, 09:10
செவ்வாயைச் சுற்றும் கலத்தில் நான் மட்டும். பெயர் ஜெசிந்தா, கண் மருத்துவர், வயது 46. சக பயணி உமையாள் கீழே தரையில் பாறை சேகரிக்கிறாள். நாள் 247 அன்று மேலே வருவாள். தானியங்கி இணைப்பு பழுது. அவள் ஏறி வரும் ஓடத்தை நான்தான் திரையைப் பார்த்துக் கையால் இணைக்க வேண்டும்.

மாதவிலக்கை நிறுத்திவைக்க இருவரும் தினமும் ஹார்மோன் மாத்திரை போடுகிறோம். என் ஆய்வும் அதுதான். ஈஸ்ட்ரோஜன் கண்ணின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி ஓட்டத்தைக் கூட்டும். எடையற்ற இடத்தில், ரத்தம் தலைக்கே ஏறி நிற்கும்போது அது என்ன செய்யும் என்று பெண்களிடம் யாரும் பார்த்ததில்லை.

வலது கண் சரி. இடதில் ஓட்டம் நான்கு சதவீதம் குறைவு. கருவிப் பிழையாக இருக்கலாம்.

நாள் 236, 09:05
கருவி சரியாகத்தான் இருக்கிறது. இடதில் பதினெட்டு சதவீதம் குறைவு. விழித்திரைச் சிரைகள் தடித்து வளைந்திருக்கின்றன. இந்த மாத்திரை ரத்தம் உறைவதைச் சற்றுக் கூட்டும். பூமியில் அபூர்வமாகத்தான் தொல்லை. இங்கே ரத்தம் தேங்கி நிற்கிறது. தேங்கியது உறைகிறதோ? பூமியிலுள்ள தரைநிலையத்துக்கு எழுதினேன்.

நாள் 237, 11:40
தரைநிலைய மருத்துவர் தணிகாசலத்தின் பதில்: “ஒருத்தர் கண்ணை வெச்சு முடிவுக்கு வர முடியாதும்மா. நிறுத்தினா ரெண்டு வருஷ ஆய்வு வீணாயிடும். தொடருங்க. உமையாளையும் பயமுறுத்த வேண்டாம்.”

நாள் 240, 07:30
எழுந்தபோது இடது கண்ணில் புகை படிந்த மாதிரி. படம் எடுத்தேன். விழித்திரை முழுக்க ரத்தத் திட்டு. மையச் சிரை அடைத்துவிட்டது.

அந்தப் பதிலுக்குப் பின் மூன்று நாளும் மாத்திரை போட்டேன். யாரும் ஊட்டிவிடவில்லை. என்னிடம் வந்த நோயாளியாக இருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்பேன்.

இன்று நிறுத்திவிட்டேன். உமையாளையும் ரேடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன்.
“தரைநிலையம் ஒண்ணும் சொல்லலையேக்கா?”
“நான் சொல்றேன். நிறுத்து.”
“இந்த உடுப்புக்குள்ள மாதவிலக்கு வந்தா என்னக்கா பண்றது?”
“துணியைக் கிழிச்சு வெச்சுக்கோ. கண்ணு போனா ஒட்டுப்போட முடியாது.”

நாள் 244, 16:20
உதிரப்போக்கு அதிகம். வயிற்றுவலி. வலது கண்ணிலும் ஓட்டம் இறங்குகிறது. நிறுத்தியது தாமதமா, சட்டென்று நிறுத்தியதே தப்பா, தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதத்தான் என்னை அனுப்பினார்கள்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும்: எல்லாப் படங்களையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். என் தவறுகளோடு சேர்த்தே படியுங்கள்.

நாள் 247, 13:40
இனிக் குரல் பதிவு. வலது கண்ணும் மங்கிவிட்டது, எழுத்து தெரியவில்லை. உமையாள் கிளம்பிவிட்டாள், திருப்பி இறக்க எரிபொருள் இல்லை.

“உமையாள், உன் ஜன்னல்ல தெரியறதைச் சொல்லிக்கிட்டே வா. நான் கைப்பிடியை அசைச்சு கலத்தைத் திருப்புறேன்.”
“உங்களுக்குத் திரை தெரியலையா?”
“வெளிச்சம் தெரியுது. எண் தெரியல.”
“இருபது மீட்டர்க்கா. இடப்பக்கம் கொஞ்சம்... ஐயோ, எனக்கு இடப்பக்கம்! உங்களுக்கு வலது!”

இடித்தது. கலமே அதிர்ந்தது. பின்வாங்கி மறுபடி வந்தோம். மூன்றாவது தடவை பூட்டிக்கொண்டது. கதவு திறந்ததும் அவள் என் முகத்தைத் தொட்டாள். நான் அழுதேன். அவளும்.

நாள் 249, 10:15
பூமிக்கு ஏழு மாதம். கலத்தை ஓட்ட இனி அவள் கண்கள் மட்டும்.

இன்று அவளைக் கருவி முன் உட்காரவைக்கும்போதுதான் சொன்னாள்: “கோவிச்சுக்காதீங்கக்கா. தரைநிலையம் என்னைத் தனியா கூப்பிட்டு மாத்திரையை விடக் கூடாதுன்னு சொன்னாங்க. நேத்து வரைக்கும் போட்டேன்.”

பட்டனைத் தடவி அழுத்தினேன். படம் திரையில் வந்திருக்கும்.

“நீயே பார்த்துச் சொல்லு. என்ன தெரியுது?”

“நல்லாத்தான் இருக்குக்கா.” பிறகு, மெதுவாக: “ஓரத்துல ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு. சின்னதுதான்.”